யாரும் சிரிக்கக் கூடாது

முப்பது பிள்ளைகளை ஒரே நொடியில் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை, மேடம். ஒருவன் மூக்கை நோண்டுவான். ஒருத்தி முன்னால் நிற்பவளின் சடையை இழுப்பாள். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் பின்வரிசையில் ஒருவன் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காயைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால்தான் எங்கள் கிளப்பில் போட்டோ நாள் என்றாலே யாரும் வாயைத் திறப்பதில்லை. "இந்த வருஷம் யார் பாத்துக்கிறீங்க?" என்று கோச் கேட்டதும் எல்லா அம்மாக்களுக்கும் திடீரென்று போனில் ஏதாவது வேலை வந்துவிடும். நான்தான் கையைத் தூக்குவேன். எதையும் ஒழுங்காகச் செய்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு முதல் என்றால் இதுதான். நீங்கள் கேட்க நினைப்பது வேறு இடமாக இருக்கலாம். அங்கேயும் வருகிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. இப்போது நான் சமைத்துப் போட வீட்டில் யாரும் இல்லை.

எங்களுடையது சின்னப் பிள்ளைகளுக்கான ஓட்டக் கிளப். ஒரு பழைய மைதானம், அதைச் சுற்றி மண் ட்ராக், மூலையில் தகரக் கூரை போட்ட சாமான் அறை. அவ்வளவுதான் கிளப். என் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் பாப்பா என்போம். கோச் அவளுக்கு வைத்த பெயர் தீக்குச்சி. ஆள் அப்படி ஒல்லி. ஆனால் விசில் சத்தம் கேட்டதும் பற்றிக்கொண்டு போவாள்.

அவள் குறைமாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் வெளியே நின்று கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டே இருப்பேன். இவளுக்கு நுரையீரல் பலமில்லை, ரொம்ப ஓடியாட விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பிள்ளையைத்தான் நான் ஓட வைத்தேன். முதலில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில். பிறகு மாடிப்படியில். பிறகு தெருவில். அவள் முதல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளுக்குத் தெரியவிடவில்லை. அம்மா சந்தோஷப்பட்டுவிட்டாள் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு மெத்தனம் வந்துவிடும்.

அவள் நல்ல பிள்ளை. ஆனால் மறந்துவிடுவாள். முழங்காலை உயர்த்த வேண்டும் என்பதை மறப்பாள். கடைசி வளைவில் வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பதை மறப்பாள். பக்கத்தில் ஓடுகிறவள் விழுந்தால் நின்று திரும்பிப் பார்ப்பாள். அதையெல்லாம் நான்தான் நினைவுபடுத்த வேண்டும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வாரக் கடைசியில் வருவார், துணியைப் போட்டுவிட்டுத் தூங்குவார், போய்விடுவார். பிள்ளை வளர்க்கிற வேலை முழுக்க என் தலையில்.

இந்த வருடம் போட்டோ நாளுக்குப் புது ஜெர்சி எடுத்துவிடலாம் என்று முடிவானது. அதையும் நானே ஏற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தோள் அகலம் அளந்தேன். முழுக்கை வைத்தது வேண்டும் என்று கடைக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். போட்டோ நாளுக்கு முந்தின சாயங்காலம் மூட்டை வந்தது. பிரித்தால் எல்லாம் கையில்லாதது. போன் செய்து கேட்டேன். "ஓடுற பிள்ளைங்களுக்கு இதாங்க்கா இப்ப மாடல். போட்டுப் பாருங்க, சும்மா ஜம்முன்னு இருக்கும்" என்றார்.

அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் பாப்பாவுக்கு ஜெர்சிக்கு மேலே ஜிப் வைத்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டேன். சளி பிடித்திருக்கிறது, யார் கேட்டாலும் கழற்றாதே என்றேன். அவள் தலையாட்டினாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

போட்டோக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பத்தாயிரம் பிள்ளைகளையாவது போட்டோ எடுத்திருப்பார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் பாதிக்கு அவர்தான். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஸ்டூடியோ. நேராக ஏறுகிற குறுகலான படி. நான் கிளப் போட்டோ விஷயம் பேசி முடித்துவிட்டு இறங்கும்போதெல்லாம் மேலே நின்று, "கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு எறங்குங்க மேடம், இந்தப் படிக்கட்டுக்கு மரியாத தெரியாது" என்பார். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். தொப்பை, நரைத்த மீசை. கூடவே அவர் மனைவி வருவார். சீப்பும் ஊக்கும் ஈரத்துணியுமாக உட்கார்ந்து பிள்ளைகளின் முகத்தைத் துடைத்து, தலைவாரி அனுப்புவது அந்த அம்மாவின் வேலை. அவர்களுக்குப் பிள்ளையில்லை.

மற்ற போட்டோக்காரர்கள் "சிரிங்க, சிரிங்க" என்று கெஞ்சுவார்கள். இவர் ஏணியில் ஏறி நின்று, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சொல்வார்: "இந்தா பாருங்க, இது ரொம்ப முக்கியமான போட்டோ. யாரும் சிரிக்கக் கூடாது. போன வருஷம் ஒரு பய சிரிச்சுட்டான். கேமராவுக்கு வயித்துவலி வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. அப்பறம் நான்தான் கஞ்சி குடுத்தேன்."

முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த நேரத்தில் தட்டிவிடுவார்.

அன்றைக்கும் அப்படித்தான். குரூப் போட்டோ நன்றாக அமைந்தது. பாப்பாவைப் பின்வரிசை ஓரத்தில் நிறுத்தியிருந்தேன், ஜாக்கெட்டோடு. பிறகு ஒவ்வொருவராகத் தனிப் போட்டோ. சாமான் அறைக்குள் வெள்ளைத் துணி கட்டி, முன்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். பாப்பாவின் முறை வந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். "மேடம், எல்லாரும் ஜெர்சியில இருக்காங்க, இவங்க மட்டும் ஜாக்கெட்டா?" என்றார். சளி என்றேன். "ஒரு நிமிஷம் கழட்டி மாட்டிட்டாப் போச்சு" என்றார். வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே வரிசையில் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டுவிட்டார்கள். ஒருவன் ஜெர்சி கிழிந்துவிட்டது. கோச் கத்தினார், "அக்கா, கொஞ்சம் வாங்க." போய்ப் பிரித்துவிட்டு, கிழிந்ததை ஊக்குப் போட்டுச் சரிசெய்ய அந்த அம்மாவையும் வெளியே அழைத்துவிட்டேன். பதறிவிட்டேன், அதனால் அதை யோசிக்கவில்லை. திரும்பி வந்தபோது ஜாக்கெட் ஸ்டூலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பாப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. தானாகவே கழற்றியிருக்கிறாள். முகத்தைத் துடைக்க.

அவர் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் அவருடைய முழங்கால் மேலேயே இருந்தது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் தூரம் இருந்தது. கதவு திறந்தே இருந்தது. அவர் அவளைத் தொடவில்லை, மேடம். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குழப்பம் வேண்டாம்.

என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். ஜாக்கெட்டை எடுத்து உதறி அவளிடம் நீட்டினார். "போட்டுக்கம்மா. ஜாக்கெட்லதான் நல்லாருக்கு. விமானம் ஓட்டுறவங்க மாதிரி" என்றார். அவள் போட்டுக்கொண்டாள். ஒரு படம் எடுத்தார். சிரிக்கக் கூடாது என்று அவளிடம் மட்டும் அவர் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு, துணியைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். மனைவி வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். இவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா கையில பாத்தேன்."

"விழுந்துட்டா" என்றேன்.

"விழுந்தா அப்படிக் கோடு கோடா வராது மேடம். எங்கப்பா கையில எப்பவும் ஒரு பெல்ட்டு இருக்கும். எனக்குத் தெரியும் அது எப்படியிருக்கும்னு." சுருட்டின துணியைக் கீழே வைத்தார். "உங்களக் குத்தம் சொல்லணும்னு வரல. தனியாளா எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் செய்யறீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யார்கிட்டயாவது சொல்லுங்க. வீட்ல சார்கிட்ட சொல்லுங்க. டாக்டர் யாரையாவது பாக்கணும்னா நானும் என் வீட்டுக்காரியும் கூட வர்றோம். திங்கக்கிழமை நான் பிரேம் விஷயமா கோச்சப் பாக்க வருவேன். அதுக்குள்ள நீங்களே பேசிட்டா நல்லது. இல்லேன்னா நான் அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அது கொழந்த மேடம்."

கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். அவர் எனக்காக வருத்தப்பட்டார். நான் வளர்த்த பிள்ளைக்காக என்னிடமே கெஞ்சினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பாப்பாவை அடித்ததே இல்லை. கோபத்தில் கை ஓங்குகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். நான் அப்படி இல்லை. கோபமாக இருக்கும்போது நான் அவள் பக்கமே போக மாட்டேன். கோபம் அடங்கின பிறகுதான் கூப்பிடுவேன். எதை மறந்தாள் என்று அவளையே சொல்லச் சொல்வேன். பிறகு ஸ்கிப்பிங் கயிற்றை அவளையே எடுத்துவரச் சொல்வேன். அதற்குப் பெயர் நினைவுபடுத்துவது. கைக்கு மேல்பக்கம், சட்டைக் கை மறைக்கிற இடமாகப் பார்த்துத்தான். வெளியே தெரிந்தால் அவளுக்குத்தானே வெட்கம்.

இதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாளில் கோச்சுக்குத் தெரியும். பிறகு கிளப்புக்கு. பிறகு பிள்ளையை என்னிடமிருந்து பிரிப்பார்கள். நான் இல்லாவிட்டால் அவள் ஓட மாட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிள்ளை மேடம் அவள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பயிற்சிக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் சிமெண்ட் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, முதலில். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நேத்து போட்டோ எடுக்கறப்ப, உங்க பிள்ளைங்ககிட்ட அவரு எப்படி நடந்துக்கிட்டாரு?"

பிறகு ஒருவர், "என் பையன் தோளப் புடிச்சுத் திருப்புனாருன்னு சொன்னான்" என்றார். இன்னொருவர், "எம் பொண்ணு தாடையத் தூக்கிவிட்டாராம்" என்றார். மூன்றாவது அம்மா, "போன வருஷம்கூட அந்த ரூமுக்குள்ள ஒவ்வொருத்தராத்தான கூப்பிட்டாரு" என்றார். அதெல்லாம் முந்தின நாள்வரை போட்டோ எடுக்கிற வேலை. ஒரு கேள்வி கேட்டதும் வேறாகிவிட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர்களே ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முன்கூட்டியே திட்டம் போட்டேன் என்று எழுதாதீர்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வந்ததுதான்.

பாப்பாவைக் கூப்பிட்டேன். ஓடிவந்தாள். ஜாக்கெட் ஜிப்பை இறக்கி, ஒரு கையை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினேன்.

ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவர்களில் ஒருவர் நர்ஸ். அவர் மட்டும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "இது நேத்துப் பட்டதா? நாலஞ்சு நாளுக்கு முந்தி கன்னிப்போன மாதிரில்ல மஞ்சளடிச்சிருக்கு" என்றார். "அவளுக்குத் தோல் அப்படி. குறைமாசப் பிள்ளை" என்றேன். மற்றவர்கள் அவரை முறைத்தார்கள்.

பிறகு நர்ஸ் பாப்பாவின் முன்னால் மண்டியிட்டு மெதுவாகக் கேட்டார். "கண்ணு, இத போட்டோ மாமாவா செஞ்சாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். கொஞ்சம்தான். அவளும் அசைத்தாள்.

அவ்வளவுதான் மேடம். நான் செய்தது அவ்வளவுதான்.

"போய் ஓடு" என்றேன். போய் ஓடினாள். அன்றைக்கு அவள் கடைசி வளைவில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கும்போதே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அப்பாக்கள் போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள். நேராக உள்ளே வந்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கையைப் பார்த்தார். முரட்டு ஆள்தான், ஆனால் அவளைத் தொடும்போது முட்டையைத் தொடுகிற மாதிரிதான் தொடுவார். "எனக்கு ஏன் நீ சொல்லல?" என்று என்னைக் கேட்டார். "நேத்துதான நடந்துச்சு" என்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தவர் அப்படியே வெளியே போய்விட்டார். வாசலில் நாலைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா கேட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள்.

நான் தடுத்திருக்கலாம். வாசல்வரை போனேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்ல வந்தது. அதையும் சொல்லவில்லை. உள்ளே வந்து பிள்ளைகள் போட்டுக் கழற்றிய ஜெர்சிகளை ஊறவைத்தேன். மண் கறை உடனே துவைத்தால்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமையும் போட்டோக்காரர் ஸ்டூடியோவைத் திறந்து வைத்திருந்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளின் படங்களைத்தான் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தாராம். இவர்கள் சத்தம் போட்டதும் படியில் இறங்கி வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் ஏறிப் போயிருக்கிறார். "நீங்க பாப்பாவோட அப்பாவா? நானே உங்களப் பாக்கணும்னு இருந்தேன் சார்" என்று சொன்னாராம். கூட இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். அதைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்தப் படியைப் பற்றிச் சொன்னேனே. உருண்டு விழுந்ததில் அவர் தலை கீழே வந்து இடித்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து செத்துப்போனார்.

என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது, "பாப்பாவப் பாத்துக்க" என்றார். நான் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்?

அந்த வாரம் கோச் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "அக்கா, ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. நாம அவசரப்பட்டுட்டமோன்னு இருக்கு" என்றார். "பிள்ளைங்க பாதுகாப்புன்னு வந்துட்டா அவசரம் நிதானம்னு பாக்க முடியாது கோச்" என்றேன். அவர் அழுதுவிட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் தைரியசாலி அக்கா என்றார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. நான் மறுக்கவில்லை.

ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. போட்டோ நாளன்று வண்டியில் வீட்டுக்குப் போகும்போதே போட்டோக்காரர் தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பாப்பாவின் கையைப் பற்றி, என்னிடம் பேசினதைப் பற்றி, திங்கட்கிழமை பற்றி. புருஷன் பெண்டாட்டி அப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அந்த அம்மா உங்கள் ஸ்டேஷனில் முதல் நாளே சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி புருஷனுக்காகத்தானே பேசுவாள் என்று எழுதிவைத்துக்கொண்டு அனுப்பிவிட்டீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் அந்த அம்மா. இளைத்துப் போயிருந்தார். கையில் ஒரு பெரிய பை. "பிரிண்ட் போட்டு வச்சிருந்தாரு. பிள்ளைங்களோடதில்லையா. கோச்சு வீட்டுல கதவத் தெறக்கல. அதான் உங்ககிட்டயே குடுத்துட்டுப் போகலாம்னு" என்றார்.

வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாப்பா கை எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

"ஆறிடுச்சு" என்றேன்.

எனக்குப் பின்னால் பாப்பா வந்து நின்றது எனக்குத் தெரியாது. "மாமா வரலையா?" என்றாள்.

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பா வேலையாக வெளியூர் போயிருக்கிறார், போட்டோ மாமா ஊரை விட்டுப் போய்விட்டார் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. அந்த அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். பிள்ளையின் உயரத்துக்கு வந்து, "மாமா செத்துட்டாரு கண்ணு" என்றார். வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம்.

பாப்பா அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்: "மாமா என்னை ஒண்ணுமே செய்யல. வலிக்குதான்னு கேட்டாரு. அவ்ளோதான் கேட்டாரு."

நான் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

கோபம் அடங்கின பிறகுதான் கூப்பிடுவேன் என்று சொன்னேன், இல்லையா? அன்றைக்கு மட்டும் நான் காத்திருக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு நிறைய நினைவுபடுத்த வேண்டியிருந்தது. எது நம் வீட்டுப் பேச்சு, எது வெளியில் சொல்கிற பேச்சு என்பதெல்லாம். சட்டை மறைக்கிற இடமா என்று பார்க்கவும் நேரமில்லை.

அந்த அம்மா போகவில்லை. கதவுக்கு வெளியே அதே படியில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டு கையாலும் கதவைத் தட்ட ஆரம்பித்தார். தட்டுவது என்று சொல்ல முடியாது. எதிர்வீட்டுக்காரர், மேல்வீட்டுக்காரர், எல்லாரும் வந்துவிட்டார்கள். கதவை உடைத்தார்கள். அந்த அம்மாதான் முதலில் உள்ளே வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளை, கால் தொங்குகிறது, அப்படியே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். அவள் அந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் கழுத்தை அவள் அப்படிக் கட்டிக்கொண்டதாக நினைவில்லை. நானும் தூக்கினதில்லை. ஓடுகிற பிள்ளையைத் தூக்கினால் கால் வலு போய்விடும்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரரிடம் நீங்கள் சொன்னபோது அவர், "அப்ப அந்தாளு எங்கிட்ட என்ன சொல்ல வந்தாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று வக்கீல் சொன்னார். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாராம். பார்க்க வேண்டாம். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, கோபத்தில் செய்தது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பாப்பாவின் கையில் இருந்தது நான் போட்டது. போட்டோக்காரர் அவளைத் தொடவில்லை. தொட்டார் என்று எல்லாரையும் நம்பவைத்தது நான். அவர் செத்ததற்குக் காரணம் நான். இதில் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

அவர் நல்ல மனிதர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. திங்கட்கிழமைவரை எனக்கு நேரம் கொடுக்காமல் அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் உயிரோடு இருந்திருப்பார். ஒவ்வொரு நாளும் அதை நினைக்கிறேன். என்னைக் கொஞ்சம் நல்லவள் என்று நினைத்துவிட்டார்.

பாப்பா இப்போது அத்தை வீட்டில் இருக்கிறாள். என் நாத்தனாருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது. காலையில் எழுப்புவதில்லையாம், ஓட அனுப்புவதில்லையாம். நேற்று நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்று சொன்னீர்கள். அவள் குளிக்கும்போது பாட்டுப் பாடுகிறாள் என்று. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக, ஒரு பாட்டு முடிந்தால் இன்னொன்று என்று பாடிக்கொண்டே இருக்கிறாளாம். அவளுக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருநாளும் பாடினதில்லை.

ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை மேடம். பிள்ளை அம்மாவைத் தேடி அந்த அளவுக்கு ஏங்கிப் போயிருக்கிறது.